கைப்பழக்கமும் மூளையும்

கல்முனைப் பட்டினத்திலிருந்து மட்டக்களப்பை நோக்கி வடக்கே செல்வோர் பாண்டிருப்பைக் கடந்ததும் மருதமுனையை அடைவர். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களுள் கைத்தறி நெசவினால் பெயர்பெற்றது அவ்வூர். விசைத்தறித் துணி மலிந்துவிட்ட இக்காலத்திலும் அங்கே தறியின் ஓசை முற்றாக ஓய்ந்துவிடவில்லை.

தறியில் அமர்ந்திருக்கும் ஒருவரைச் சிறிது நேரம் உற்று நோக்கினால் ஒரு புதுமை விளங்கும். அவர் காலால் மிதியை அழுத்துகிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன. ஒரு கை கயிற்றைச் சுண்டி இழுக்க, நாடா அந்த இடைவெளியினூடே பறந்து மறுபுறம் சேர்கிறது. மற்றைக் கை அச்சுப் பலகையைத் தம்பால் இழுத்து ஊடை நூலை இறுக்குகிறது. உடனே மற்றக் கால் அடுத்த மிதியை அழுத்துகிறது. இவ்வளவும் கண்ணிமைப் பொழுதில் நடந்து முடிகின்றன. இதற்கிடையே அவர் பக்கத்து வீட்டுக்காரருடன் நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருப்பார். கைக்கும் காலுக்கும் கட்டளையிடுவதாக அவர் உணர்வதேயில்லை.

அதே தறியில் அவருடைய மகனை அமர்த்தினால் நிலைமை வேறு. கயிற்றை மெல்ல இழுத்தால் நாடா நடுவழியில் நிற்கிறது. விசையாக இழுத்தால் தெறித்து வெளியே விழுகிறது. கால் ஒரு கணம் பிந்தினால் நூல் அறுகிறது. “எவ்வளவு விசையாக இழுக்க வேண்டும் வாப்பா?” என்று பிள்ளை கேட்டால், வாப்பாவிடம் அதற்கு அளவு கூற ஒரு சொல்லும் இல்லை. “இழுத்து இழுத்துப் பார் மகன், கை தன்னாலே படியும்” என்பதே அவர் கூறக்கூடிய விடை. அவர் எதையும் மறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தாம் செய்துவருவதை எப்படிச் செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

கை படிதல் என்று வழக்கிலே சொல்கிறோம். உண்மையில் படிவது கைதானா? உழைப்பினால் தசை வலுப்பெறும், விரல் காய்ப்பேறும். ஆனால் எந்தக் கணத்தில் எந்த விசையில் இழுப்பது என்னும் அறிவைத் தசை தன்னகத்தே வைத்திருப்பதில்லை. அவ்வறிவு மூளையிலும் அதனோடு இணைந்த நரம்புகளிலும் உறைகிறது. இதனை அறிஞர்கள் நெடுங்காலமாகவே அறிவர். ஆயினும் அஃது எவ்வாறு அங்கே வந்து அமைகிறது என்பதை நேராகக் கண்டறிய அவர்களிடம் வழி இருக்கவில்லை. அத்தகைய வழியொன்று அண்மைக் காலத்தில் கிட்டியிருக்கிறது. மூளையையும் கணினியையும் இணைக்கும் கருவியே அது. கைகால் இயங்காதவர்க்கு உதவும் பொருட்டு இக்கருவி செய்யப்படுகிறது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். அதே கருவி, மனிதன் ஒரு தொழிலைக் கற்பது எவ்வாறு என்பதை ஆராயும் உரைகல்லாகவும் விளங்குகிறது என்பதைக் கேள்விப்பட்டோர் சிலரே.

1870ஆம் ஆண்டில் பிரிட்ஷ், ஹிற்சிக் என்னும் இரு ஜேர்மானியர் நாயொன்றின் மூளை மேற்பட்டையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். குறித்த ஓரிடத்தைத் தொட்டபோது எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. இன்னோரிடத்தைத் தொட்டபோது முகம் அசைந்தது. அங்க அசைவுக்கென மூளையில் தனியிடம் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. பின்னர், கனடாவின் மொன்றியல் நகரில் வைத்தியர் பென்பீல்ட், சத்திரசிகிச்சைக்கு வந்த மனிதரிடம் அவ்விடத்தை விரிவாக அளந்து ஒரு படம்போல வரைந்தார். அப்படத்திலே முதுகும் தொடையும் பெற்ற இடம் சிறிது. கையும் விரலும் உதடும் பெற்ற இடமோ பெரிது. நுட்பமாகத் தொழில் செய்யும் உறுப்புக்கு மூளை நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறது.

இடம் தெரிந்ததேயன்றி நடப்பது இன்னதென்று தெரியவில்லை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன என்பது இன்றைய கணக்கு. கையை அசைப்பதில் அவற்றுள் மிகப் பெருந்தொகையானவை பங்குகொள்கின்றன. விஞ்ஞானி தம் கருவியால் கேட்கக்கூடியதோ நூறு, மிஞ்சினால் சில ஆயிரம் கலங்களின் குரல். கல்முனைச் சந்தையின் ஒரு மூலையில் நின்று, பத்துப் பேர் பேசுவதை மட்டும் கேட்டு, அன்று அரிசி எவ்விலைக்கு விற்றது, ஏன் விற்றது என்று தீர்மானிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் இதுவும். தாம் கேட்ட கலம் கையை அசைத்த கலந்தானா, அன்றி அருகிருந்து பார்த்த கலமா என்பதையும் அவரால் துணிய முடியாது. மேலும் பிள்ளையொன்று நெசவு பழகும்போது கண், கை, தசை, முண்ணாண், மூளை எல்லாம் ஒருங்கே மாறுகின்றன. எந்த மாற்றம் எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இவ்விடத்திலேதான் மூளை-கணினி இணைப்பு கைகொடுத்தது. அதன் யுக்தி மிக எளியது. மூளையில் சில பத்துக் கலங்களின் துடிப்பை மட்டும் எடுத்துக் கணினிக்கு அனுப்புவர். இன்ன கலம் துடித்தால் திரையிலுள்ள புள்ளி இத்தனை தூரம் வலப்புறம் செல்லும், இன்னது துடித்தால் மேலே செல்லும் என்று ஒரு விதியை விஞ்ஞானி தாமே எழுதிக் கணினியில் வைப்பார். அதன்பின் அப்புள்ளியை அசைப்பவை அந்தக் கலங்களேயன்றி வேறெவையும் அல்ல. எண்ணிறந்த நூல்கள் சிக்குண்டு கிடக்கும் பெருந்தறியை ஆராய முடியாமல் தவித்தவர், பத்தே நூல்கொண்ட சிறு தறியொன்றைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டது போன்றது இது. எந்த நூல் எதை அசைக்கிறது என்பது அவருக்கு ஐயமின்றித் தெரியும். இனி, அத்தறியில் மூளை எவ்வாறு நெய்யப் பழகுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூளையின் குரலைக் கேட்க இரு வழிகள் உண்டு. தலையின் மேற்றோலில் மின்வாய்களைப் பொருத்தி, கோடிக்கணக்கான கலங்கள் ஒருங்கே எழுப்பும் இரைச்சலைப் பதிவது ஒன்று. ஹன்ஸ் பேர்கர் என்னும் ஜேர்மானிய வைத்தியர் மனிதரில் இவ்வாறு பெற்ற பதிவுகளை 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதில் ஆபத்து இல்லை. ஆனால் கேட்பது மதிலுக்கு அப்பால் நின்று கேட்கும் ஆரவாரமே. மண்டையோட்டைத் திறந்து, மயிரிழை போன்ற மின்வாய்களை மூளையினுள்ளேயே ஊன்றுவது மற்றைய வழி. இதில் ஒவ்வொரு கலத்தின் துடிப்பும் தனித்தனியே கேட்கும். மூளை-கணினி இணைப்பு என்னும் பெயரை 1973ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்த ஜாக் விடால் என்பவர் வழங்கினார். ஆனால் பெயருக்கு முன்பே செயல் தொடங்கிவிட்டது.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து எபர்ஹார்ட் பெற்ஸ் என்பவர் குரங்குகளைக்கொண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டார். குரங்கின் இயக்க மேற்பட்டையிலுள்ள ஒரேயொரு கலத்தில் மின்வாய் வைத்தார். அக்கலம் விரைந்து துடிக்குந்தோறும் குரங்குக்கு உணவுருண்டையொன்று கிடைக்கும். துடிப்பின் வேகத்தை ஒலியாகவோ, அசையும் முள்ளாகவோ குரங்குக்கு அறிவித்துக்கொண்டிருப்பார். தன் மூளையில் ஒரு கலம் இருப்பதைக் குரங்கு அறியாது. அதை எப்படித் துடிக்கச் செய்வது என்று சொல்லிக்கொடுப்பாரும் இல்லை. ஆயினும் சில தடவைப் பயிற்சிக்குப் பின், பழைய வேகத்தினும் 50 முதல் 500 வீதம் மிகுதியாக அக்கலத்தைத் துடிக்கச் செய்ய அது பழகிக்கொண்டது. நாடாக் கயிற்றை எவ்வளவு விசையாக இழுப்பது என்று வாப்பாவால் சொல்ல முடியாமற் போனதை இங்கே நினைவுகூரலாம். கற்றுக்கொள்வதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முயன்றதன் விளைவு உடனுக்குடன் தெரிந்தது, அதுவே போதுமாயிருந்தது.

1980களில் ஜோர்ஜோபுலோஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னொரு செய்தியைக் கண்டனர். குரங்கு தன் கையை எட்டுத் திசைகளில் நீட்டுமாறு பழக்கி, கலங்களின் துடிப்பைக் குறித்துவந்தனர். ஒவ்வொரு கலத்துக்கும் விருப்பமான திசையொன்று இருந்தது. அத்திசையில் கை செல்லும்போது அது மிகுதியாகத் துடித்தது, விலக விலகக் குறைந்தது. ஒரு கலத்தை மட்டும் கேட்டால் கை எங்கே போகிறது என்று துணிய முடியாது. பல கலங்களின் விருப்பத்தையும் அவற்றின் துடிப்புக்கு ஏற்பக் கூட்டிப் பார்த்தால், கை செல்லும் திசை தெளிவாகப் புலப்பட்டது. கரைவலை இழுப்போருள் ஒவ்வொருவரும் சற்று வெவ்வேறு பக்கமாகச் சாய்ந்து இழுத்தாலும் வலை ஒரு திசையில் வருவது போன்றது இது. மூளை பேசுவது தனிக் கலத்தின் மொழியிலன்று, கூட்டத்தின் மொழியிலே என்பது இதனால் உறுதிப்பட்டது.

இனி, கற்றல் பற்றிய செய்திகளுள் மிகச் சுவையானதைக் கூறவேண்டும். சில வித்தைகள் ஒரே நாளில் வசப்படுகின்றன. வேறு சில எத்தனை பாடுபட்டும் வருவதில்லை. இதற்கு என்ன காரணம்? அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து விஞ்ஞானிகள் 2014ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டனர். குரங்கின் இயக்க மேற்பட்டையில் 90 அளவிலான கலங்களை அவர்கள் பதிந்தனர். அக்கலங்கள் தத்தம் விருப்பப்படி துடிப்பதில்லை. சில சேர்ந்தே எழுகின்றன, சில சேர்ந்தே அடங்குகின்றன. எனவே, எண்ணற்ற கோலங்கள் தோன்றலாம் என எதிர்பார்க்கத்தக்க இடத்தில் குறிப்பிட்ட ஒரு தொகுதிக் கோலங்களே உண்மையில் தோன்றுகின்றன. இதனைக் கணித்தறிந்த பின், திரையில் புள்ளியை அசைக்கும் விதியை இரு வகையாக மாற்றினர். ஒரு வகையில், மூளைக்கு வழக்கமான கோலங்களையே வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் புள்ளியை அசைக்கலாம். மற்ற வகையில், வழக்கத்தில் இல்லாத கோலங்களை உண்டாக்கினால்தான் அசைக்கலாம். முதலாவதைக் குரங்குகள் சில மணி நேரத்தில் கற்றன. இரண்டாவதை அந்நேரத்தில் பெரும்பாலும் கற்க முடியவில்லை.

நெசவாளர்க்கு இதனை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பாவு நூல் ஒவ்வொன்றும் ஒரு விழுதின் கண்ணினூடே கோக்கப்பட்டிருக்கிறது. ஒரே வரிசை விழுதில் கோத்த நூல்களெல்லாம் சேர்ந்தே எழும். அக்கோப்பை மாற்றாமல், மிதிக்கும் ஒழுங்கை மட்டும் மாற்றினால் புதிய கோலங்கள் சில அன்றைக்கே கிடைக்கும். ஆனால் அக்கோப்புக்கு அடங்காத கோலம் வேண்டுமானால் மிதியை எப்படி மாற்றி மிதித்தும் பயனில்லை. விழுதை அவிழ்த்து நூல்களை ஒவ்வொன்றாக மீண்டும் கோக்கவேண்டும். அது சலிப்பூட்டும் வேலை. மூளையிலும் விரைவான கற்றல் என்பது மிதியை மாற்றுவதாகவே பெரும்பாலும் அமைகிறது. முன்பே உள்ளதை எடுத்துப் புதிய பயனுக்கு ஆக்குகிறதேயன்றிப் புதிதாக ஒன்றை அது படைப்பதில்லை.

அவ்வாறாயின் விழுதை மீண்டும் கோப்பது மூளைக்கு இயலாத காரியமோ? அன்று. அதே குழுவினர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பல நாட்கள் தொடர்ந்து, சிறிது சிறிதாகக் கடினத்தைக் கூட்டிப் பயிற்றியபோது, முன்பு தோன்றாத புதிய கோலங்கள் குரங்கின் மூளையில் எழுந்தன. தொழில் பழகும் பிள்ளை முதல் வாரத்தில் விறுவிறு என்று முன்னேறிப் பின் நெடுநாள் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தோன்றுவதை மூத்தோர் அறிவர். பலர் தறியை விட்டு எழுந்து போவதும் அந்தக் காலத்திலேதான். குரங்கின் பத்து நூல் தறியில் கண்டதை மனிதப் பிள்ளையின் முழுத் தொழிலுக்கு அப்படியே பொருத்துவது துணிச்சலாகும். எனினும், அந்தத் தேக்கம் சோம்பலாகவோ மந்தபுத்தியாகவோதான் இருக்கவேண்டும் என்று பிள்ளையைக் கடிந்துகொள்பவர் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஒருமுறை கற்றது எவ்வாறு நிலைக்கிறது என்பது அடுத்த வினா. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே பொல்லடி என்னும் ஆட்டம் உண்டு. களிகம்பு என்றும் அதற்குப் பெயர். இரு கைகளிலும் கோல் ஏந்தி வட்டமாகச் சுற்றிவரும் ஆட்டக்காரர், அண்ணாவியாரின் பாட்டுக்கு ஏற்ப ஒருவர் கோலில் ஒருவர் அடித்து ஆடுவர். அண்ணாவியார் பாட்டை மாற்றினால் அடியும் மாறும். புதிய அடியைப் பழகியதனால் பழைய அடி மறந்துபோவதில்லை. 2009ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கங்குலி, கார்மேனா ஆகிய இருவரும் இதற்கு இணையான ஒன்றைக் குரங்குகளிற் கண்டனர். அதே கலங்களையும் அதே விதியையும் நாள்தோறும் மாற்றாமல் வைத்துப் பயிற்றியபோது, குரங்கின் மூளையில் அவ்வேலைக்கென உறுதியான ஓர் ஒழுங்கு அமைந்தது. மறுநாட் காலையில் புள்ளியைக் கண்டதும் அவ்வொழுங்கு உடனே மீண்டது. பின்னர் இரண்டாவது விதியொன்றைப் பழக்கினர். அதற்கும் தனி ஒழுங்கு அமைந்தது, முதலாவதும் அழியவில்லை. அங்கே கையும் இல்லை, கோலும் இல்லை. கணினி விதிக்குங்கூட மூளை தனியே ஓர் அடியை வகுத்துக்கொள்கிறது.

மூளையின் மேற்பட்டை இதைத் தனியே செய்வதில்லை. 2012ஆம் ஆண்டில் கோரலெக் என்பவரும் துணைவரும், எலிகள் தம் மூளைக் கலங்களின் துடிப்பால் ஓர் ஒலியின் சுருதியை ஏற்றவும் இறக்கவும் பழகச் செய்தனர். சுருதி குறித்த எல்லையை அடைந்தால் எலிக்கு வெகுமதி உண்டு. உடலில் எந்த உறுப்பும் அசையத் தேவையில்லை. இருந்தும், உடலசைவைப் பழகும்போது தொழிற்படும் மூளையின் உட்பகுதியொன்று இங்கும் மேற்பட்டையோடு சேர்ந்து மாறியது. அப்பகுதியில் நரம்பிணைப்பு மாறவேண்டுவதாகிய பொருள் இல்லாமற் செய்யப்பட்ட எலிகளால் இவ்வித்தையைக் கற்க முடியவில்லை. கையை அசைக்கக் கற்பதும், கையில்லாமலே ஒன்றை அசைக்கக் கற்பதும் மூளைக்கு ஏறக்குறைய ஒரே வேலை என்பதற்கு இஃது ஒரு சான்று.

உறக்கத்துக்கும் இதில் பங்குண்டு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வில், எலிகள் மூளைத் துடிப்பினால் தண்ணீர்க் குழாயொன்றைத் தம்பால் வரச் செய்யப் பழகின. பயிற்சிக்குப் பின் அவை உறங்கின. ஆழ்ந்த உறக்கத்தில், பயிற்சியின்போது சேர்ந்து துடித்த அதே கலங்கள் மீண்டும் சேர்ந்து துடித்தன. விழித்தெழுந்தபோது எலிகளின் திறன் முன்னையிலும் கூடியிருந்தது. பகலெல்லாம் அறுந்த நூலை முடிந்து களைத்துப் படுத்த பிள்ளைக்கு, மறுநாள் காலையில் நாடா ஒழுங்காகப் போவதும் இதைப் போன்றதே போலும்.

இவற்றையெல்லாம் கேட்பவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். திரைப்புள்ளியை அசைக்கக் கற்பது உண்மையான கையின் தொழிலோடு தொடர்புடையதுதானா? 2018ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ண செனோய் என்பவரின் குழுவினர் இதனை நேராகவே சோதித்தனர். குரங்கின் கை அசையாதிருக்க, மூளையால் மட்டும் புள்ளியை நகர்த்தச் செய்தனர். பின் புள்ளி செல்லும் திசையைச் சற்றுத் திருப்பிவிட்டனர். குரங்கு பிழையைக் கண்டு தன் முயற்சியைத் திருத்திக்கொண்டது. அதன்பின் உண்மையான கையால் அதே வேலையைச் செய்யவிட்டபோது, அந்தத் திருத்தம் கையிலும் காணப்பட்டது. கை அசையாமற் கற்றது கைக்கு வந்து சேர்ந்தது. அசைவுக்கு முன், அசைவை ஆயத்தஞ்செய்யும்போது மூளையில் எழும் கோலமே இரண்டுக்கும் பொதுவானது என்று அவர்கள் விளக்கினர்.

மனிதரிடத்தில் இது எதற்கு உதவிற்று? கழுத்தில் முண்ணாண் காயமுற்றால் கைகால் யாவும் செயலிழக்கலாம். அவ்வாறு ஆண்டுக்கணக்கில் அசையாது கிடப்பவர் மூளையில் கைக்குரிய இடம் பயனின்றி அவிந்துபோயிருக்கும் என்று அஞ்சியோர் பலர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய இளைஞர் ஒருவருடைய இயக்க மேற்பட்டையில், 4 மில்லிமீற்றர் சதுரமும் 96 மின்வாய்களும் கொண்ட சிறு தகடொன்று பதிக்கப்பட்டது. காயம் நேர்ந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. கையை அசைப்பதாக அவர் எண்ணியதும் கலங்கள் துடித்தன. அவர் திரையில் புள்ளியை நகர்த்தினார், செயற்கைக் கையொன்றைத் திறந்து மூடினார். 2012ஆம் ஆண்டில் வெளியான செய்தி இன்னும் உருக்கமானது. மூளைத்தண்டில் ஏற்பட்ட பாரிசவாதத்தால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கைகால் இயங்காதிருந்த பெண்மணி ஒருவர், தம் எண்ணத்தால் இயங்கிய இயந்திரக் கையைக்கொண்டு கோப்பிப் புட்டியை வாயருகே கொணர்ந்து பருகினார். பிறர் உதவியின்றி அவர் அவ்வாறு பருகியது அத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

2021ஆம் ஆண்டில் இன்னொருவர், 2007ஆம் ஆண்டிலேயே முண்ணாண் காயமுற்றவர், காகிதத்தில் எழுதுவதாக மனத்தில் எண்ணினார். எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூளையில் எழுந்த கோலத்தைக் கணினி படித்தறிந்து திரையில் நிமிடத்துக்கு 90 எழுத்துகள் வரை பொறித்தது. பள்ளியில் பழகிய கையெழுத்து, கை வீழ்ந்து பத்தாண்டுக்கு மேலாகியும் மூளையில் அழியாமல் இருந்திருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. முண்ணாண் அறுபட்டவரிடம் மூளை பழுதுபடவில்லை, வழி மட்டுமே அடைபட்டது. நம் ஊர்களில் மிகுதியாகக் காணும் பாரிசவாதத்தில் நிலைமை பெரும்பாலும் அவ்வாறன்று. மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளைக் கலங்களே மடிகின்றன. முப்பது ஆண்டு தறியிலிருந்த ஒருவருக்கு வலக்கை விழுந்துவிட்டால், அவர் கற்ற தொழிலில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது மடிந்த இடத்தைப் பொறுத்தது. எஞ்சியதைக்கொண்டு கையை மீட்பதும் ஒரு கற்றலே. 2013ஆம் ஆண்டில் ஜேர்மனியில் கை விரிக்கவே முடியாத 32 பாரிசவாத நோயாளரைக்கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் கையை அசைக்க முயலும்போது, தலைமேல் வைத்த மின்வாய்கள் அம்முயற்சியை அறிந்து, கையிற் பூட்டிய கருவியை அதே கணத்தில் அசைத்தன. மறு பிரிவினர்க்குக் கருவி அசைந்தது, ஆனால் அவர்கள் முயற்சிக்குப் பொருந்தாமல் தன் போக்கில் அசைந்தது. இரு பிரிவினரும் இயன்மருத்துவப் பயிற்சி பெற்றனர். முயற்சியும் அசைவும் ஒன்றுபட்டவர்களிடமே கையின் திறன் மிகுதியாகத் தேறியது. தேற்றம் பெரிதன்று. ஆயினும், நோயாளியின் கையை வெறுமனே தூக்கி இறக்குவதோடு நில்லாமல், “நீங்களே முயலுங்கள்” என்று இயன்மருத்துவர் ஓயாமல் வற்புறுத்துவதன் பொருள் இதனால் விளங்கும். இரக்கத்தால் எல்லாவற்றையும் தாமே செய்துகொடுக்கும் பிள்ளைகளும் உறவினரும் இதனைக் கருத்திற்கொள்ளலாம்.

இக்கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. மூளையில் மின்வாய் ஊன்றுவது சத்திரசிகிச்சை. அதில் இரத்தக் கசிவுக்கும் கிருமித் தொற்றுக்கும் இடமுண்டு. காலப்போக்கில் மின்வாயைச் சுற்றித் தழும்பு படர்ந்து குரல் மங்குவதும் உண்டு. நாளை கடைக்கு வந்துவிடும் என்பது போல விளம்பரம் செய்வோர் பேச்சை நம்பி நோயாளரின் குடும்பம் காணியை விற்கத் துணிதல் கூடாது. இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இந்த அறிவிற் பெரும்பகுதி குரங்குகளின் மண்டையைத் திறந்து பெற்றது. அவற்றிற்கு இழைக்கப்படும் துன்பத்தைக் குறைப்பதற்கு விதிகள் உண்டு. அவ்விதிகள் போதுமா என்னும் வழக்கு விஞ்ஞானிகளிடையேயும் தீரவில்லை.

பார்வை மட்டும் போதுமா என்னும் வினாவிலே ஆராய்ச்சி இப்போது நிற்கிறது. இயந்திரக் கையை எண்ணத்தால் இயக்குவோர் அதைக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டியிருக்கிறது. கை பொருளைத் தொட்டதா, எவ்வளவு இறுக்கிப் பிடித்தது என்பது அவர்க்கு உணர்வாகத் தெரிவதில்லை. பிற்ஸ்பேர்க்கில் ஒருவருக்குத் தொடுவுணர்வுக்குரிய மேற்பட்டையிலும் மின்வாய்களைப் பதித்து, இயந்திர விரல் பொருளைத் தொடுந்தோறும் அங்கே மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினர். தம் விரலிலேயே தொடுவதாக அவர் உணர்ந்தார். 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அளவுகளின்படி, பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்க முன்பு அவருக்கு ஏறக்குறைய 20 விநாடி தேவைப்பட்டது. தொடுவுணர்வு கிடைத்தபின் 10 விநாடி போதுமாயிற்று. மருதமுனைத் தறியில் நூல் தளர்ந்திருப்பதைக் கண்ணுக்கு முன் கை அறிகிறது. அச்சுப் பலகை வந்து மோதும்போது உள்ளங்கையில் எழும் அதிர்விலிருந்தே, இழை நெருங்கி விழுந்ததா இடைவெளி விட்டதா என்று நெசவாளர் சொல்லிவிடுவார். அந்த அதிர்வை இயந்திரக் கையினூடே மூளைக்கு உணர்த்தும் மின்வாய் இன்னும் செய்யப்படவில்லை.